அனல் காத்துல அன்னாசி!

முதல்லயே ஒரு உண்மையைப் போட்டு உடைச்சிடறேன் மக்களே. ஏர் ஃப்ரையர்ங்கிற வஸ்து எதையும் ஃப்ரை பண்ணாது. பேர்ல மட்டும்தான் ஃப்ரை. மூடியைக் கழட்டிப் பார்த்தா மேலே ஒரு ஹீட்டர் காயில், அதுக்குப் பக்கத்துல ஒரு ஃபேன், கீழே ஓட்டை போட்ட ஒரு கூடை. மேட்டர் ஓவர். பேக்கரியில பீரோ சைஸ்ல நிக்குமே கன்வெக்‌ஷன் அவன், அதைத் துவைச்சுக் காயப்போட்டு சுருங்கிப் போன மாதிரி ஒரு குட்டி அவன். 2010-ல பெர்லின்ல நடந்த ஐ.எஃப்.ஏ. கண்காட்சியில ஃபிலிப்ஸ் கம்பெனி இதை 'ஏர்ஃப்ரையர்'னு பேர் வெச்சு இறக்குச்சு. பேர் வெச்சவருக்கு ஒரு சல்யூட். 'குட்டி அவன்'னு பேர் வெச்சிருந்தா எவன் வாங்குவான்?

சரி, போன வாரம் கெட்டில்ல மேகி பண்ணினோம். அதைப் படிச்சுட்டு 'இதெல்லாம் ஒரு சமையலா?'ன்னு கேட்ட பெரிய மனுஷங்களுக்காக இந்த வாரம் ஒரு ரிச்சான ஐட்டம். பழத்தை கேரமல் ஆக்கறது. வெளியே தேன் கலர்ல பளபளன்னு ஒரு படலம், உள்ளே அல்வா மாதிரி வெந்த பழம். பெரிய ரெஸ்டாரன்ட்ல ஒரு தட்டுல ரெண்டு துண்டு வெச்சு, மேல ஒரு புதினா இலையைச் சொருகி, பில்லைப் பார்த்தா நமக்கே கேரமல் ஆகுற ரேட்ல விக்கிறாங்களே, அதேதான்.

இது எங்க வீட்டுக்கு எப்படி வந்துச்சுன்னா, நாங்க நாலு பொண்ணுங்க காலேஜ் பக்கத்துல ஒரு போர்ஷன் எடுத்துத் தங்கியிருக்கோம். மதுரை, ஈரோடு, நாகர்கோவில், நான். (பேரெல்லாம் சொன்னா அடி விழும். ஊர் பேரை வெச்சே அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க.) நாகர்கோவில்காரி ஊருக்குப் போயிட்டு வரும்போதெல்லாம் அவங்க அம்மா ஒரு சீப்பு ஏத்தன்பழம் கொடுத்து அனுப்புவாங்க. நாம நேந்திரம்பழம்னு சொல்றதுதான் அங்கே ஏத்தன். திங்கட்கிழமை மஞ்சளா இருக்கும். புதன்கிழமை சிறுத்தைப்புலி மாதிரி புள்ளி. வெள்ளிக்கிழமை முழுக்கக் கறுப்பு. அப்புறம் 'யாரு சாப்பிடறது, நீ சாப்பிடு, நீ சாப்பிடு'ன்னு சோஷியலிசம் பேசிட்டு, சனிக்கிழமை குப்பைத்தொட்டி. அம்மா தூக்கிக் கொடுத்த பழத்தைக் குப்பையில போடற பாவம் வேற. அந்தக் கறுப்புப் பழத்தைக் காப்பாத்தத்தான் இந்த ஆராய்ச்சியே.

ஆராய்ச்சின்னு சும்மா பில்டப்புக்குச் சொல்லலை. இதுல நிஜமாவே ஒரு சின்ன சயின்ஸ் இருக்கு. அது புரிஞ்சா எந்த ரெசிப்பியும் வேண்டாம். புரியலைன்னா பத்து ரெசிப்பி பார்த்தாலும் பழம் வெந்த கூழாத்தான் வரும்.

அந்த சயின்ஸ் ஒரே வார்த்தைதான். தண்ணி!

சர்க்கரை கேரமல் ஆகணும்னா அது ஒரு குறிப்பிட்ட சூட்டைத் தொடணும். பழத்துல இருக்கிற ஃப்ரக்டோஸ் ரொம்ப அவசரக் குடுக்கை. சுமார் 110 டிகிரியிலேயே ஆரம்பிச்சுடும். நம்ம டீயில போடற வெள்ளைச் சர்க்கரை, அதாவது சுக்ரோஸ், கொஞ்சம் கெத்து. 160, 170 டிகிரி வரணும். ரெண்டுமே நூறுக்கு மேல. இங்கேதான் வில்லன் என்ட்ரி. பழத்தோட மேல்பக்கம் ஈரமா இருக்கிற வரைக்கும் அந்த இடம் 100 டிகிரியைத் தாண்டவே தாண்டாது. நீங்க டயலை 200-ல வெச்சாலும் சரி, மெஷினைக் கும்பிட்டாலும் சரி. உள்ளே போற சூடு பூராவும் தண்ணியை ஆவியாக்கற வேலைக்கே போயிடும். ஒரு கிராம் தண்ணி ஆவியாக சுமார் 2,257 ஜூல் வேணும். லேட்டன்ட் ஹீட்னு பிளஸ் டூவில படிச்சு, பரீட்சை முடிஞ்ச மறுநாளே மறந்தோமே, அந்த ஆசாமிதான்.

ஒரு சின்னக் கணக்கு. கூடையில இருக்கிற பழத்துல இருந்து 50 கிராம் தண்ணியை வெளியேத்தணும்னு வெச்சுக்கோங்க. சுமார் 1,13,000 ஜூல். மெஷின் 1,500 வாட்ஸ். அத்தனை பவரும் நேரா தண்ணிக்கே போனாக்கூட ஒண்ணேகால் நிமிஷம். நிஜத்துல கூடை சூடாகணும், காத்து சூடாகணும், பழத்தோட உள்பக்கம் சூடாகணும், பாதி சூடு பின்பக்க ஓட்டை வழியா வெளியே ஓடிடும். அதனால ஏழெட்டு நிமிஷம் ஆகும். அந்த ஏழெட்டு நிமிஷமும் பழம் பேந்தப் பேந்த முழிச்சுக்கிட்டு அப்படியேதான் இருக்கும். கலரே மாறாது. நாம பொறுமை இழந்து 'இது வேலைக்கு ஆகாது'ன்னு எடுத்துடுவோம். ஆனா மேல்பரப்பு காஞ்ச அடுத்த நிமிஷமே சூடு சரசரன்னு ஏறும். அப்புறம் ரெண்டு, மூணு நிமிஷத்துல தங்கக் கலர். இன்னும் ரெண்டு நிமிஷம் விட்டா கரி. அதாவது முதல் எட்டு நிமிஷம் போரடிக்கிற லெக்சர், கடைசி ரெண்டு நிமிஷம் கிளைமாக்ஸ். கிளைமாக்ஸ் நேரத்துல ரீல்ஸ் பார்க்கப் போனீங்கன்னா போச்சு!

இதுல ஃபேனோட பங்கு என்ன? சூடான டீயை ஊதிக் குடிக்கிறோமே, எதுக்கு? டீக்கு மேல நிக்கிற ஈரமான காத்தைத் துரத்தத்தான். பழத்துக்கு மேலயும் அதே மாதிரி ஒரு ஈரக் காத்துப் போர்வை இருக்கும். ஃபேன் அதைப் பிடிச்சு இழுத்து எறிஞ்சுட்டு, காஞ்ச அனல் காத்தைக் கொண்டு வந்து விடும். மெக்கானிக்கல் பசங்களுக்கு இது பவுண்டரி லேயர், ஃபோர்ஸ்டு கன்வெக்‌ஷன்னு அரியர் வெச்ச ஞாபகம் வரும். மத்தவங்க நிம்மதியா அடுத்த பாராவுக்குப் போகலாம்.

ஒரு குட்டித் திருத்தம். நாம மொத்தமா கேரமல்னு சொல்ற அந்தப் பழுப்பு நிறத்துல இன்னொருத்தருக்கும் ஷேர் இருக்கு. மேயார் வினை. லூயி கமீல் மேயார்ங்கிற ஃபிரெஞ்சுக்காரர் 1912-ல இதைப் பத்தி எழுதினார். சர்க்கரையும் புரதத்துல இருக்கிற அமினோ அமிலமும் சூட்டுல கைகோத்தா வர்ற நிறம், வாசனை. பாலைக் காய்ச்சிக் காய்ச்சி பால்கோவா ஆக்கும்போது வெள்ளை போய் லேசா செம்மை வருதே, அதுவும் இவர் கைங்கர்யம்தான். வாழைப்பழத்துலயும் கொஞ்சூண்டு புரதம் இருக்கிறதால ரெண்டு வேலையும் சேர்ந்து நடக்கும். ஸோ, யாராவது 'இது கேரமலா?'ன்னு கேட்டா, 'கூட்டணி ஆட்சி பாஸ்'னு சொல்லிடுங்க.

இப்போ பழத் தேர்வு. தண்ணிதான் வில்லன்னு தெரிஞ்சாச்சு. அப்போ தண்ணி கம்மியா, சர்க்கரை ஜாஸ்தியா இருக்கிற பழம்தான் ஹீரோ. சாதாரண வாழைப்பழத்துல முக்கால்வாசி தண்ணி. நேந்திரத்துல அதைவிடக் கம்மி. அதோட சதை கெட்டி, வெந்தாலும் குழையாது. கேரளாவுல பழம்பொரிக்கு வேற பழமே எடுக்க மாட்டாங்கன்னா சும்மாவா! அதுவும் தோல் கறுத்த பழம் இன்னும் பெஸ்ட். காயா இருக்கும்போது மாவுச்சத்து. பழுக்கப் பழுக்க அது சர்க்கரையா மாறிக்கிட்டே வரும். நாங்க குப்பையில போட்டுக்கிட்டு இருந்தது டாப் ரேங்க் ஸ்டூடன்ட்டைன்னு அப்பத்தான் புரிஞ்சது. ஆனா கறுப்புக்கும் அழுகலுக்கும் வித்தியாசம் பாருங்க. தோல் கறுத்து உள்ளே சதை கெட்டியா, மஞ்சளா இருந்தா ஓ.கே. உள்ளேயே கறுத்து, நொளநொளன்னு, சாராய வாடை வந்தா விட்டுருங்க.

அன்னாசி கொஞ்சம் அடம் பிடிக்கும். நூத்துக்கு 86 பங்கு தண்ணி. ஆனா நார் கெட்டியா இருக்கிறதால தாக்குப்பிடிக்கும். ஆப்பிளும் தண்ணியில அன்னாசிக்கு அண்ணன் தம்பிதான், ஆனா நல்லா வரும். பலாச்சுளை ஓரம் முறுகி சூப்பரா வரும், கொட்டையை எடுத்துட்டுப் போடுங்க. பப்பாளி வேஸ்ட். தர்பூசணியைப் பத்திப் பேசவே வேண்டாம். எங்க மதுரைக்காரி அதையும் விட்டு வெக்கலை. கால் மணி நேரம் கழிச்சு கூடையைத் திறந்தா சிவப்பா, சூடா, சுருங்கின ஏதோ ஒண்ணு. நூத்துக்கு 90 பங்குக்கு மேல தண்ணி இருக்கிற பழம் பாவம், வேற என்ன பண்ணும்? அதுவும் அவ விடலையே, 'ரசத்துல போடலாமா?'ன்னு கேட்டா.

அடுப்புக்குப் போறதுக்கு முன்னாடி பிளக் பாயின்ட்டைப் பார்த்துட்டு வந்துடலாம். இது காமெடி இல்ல, கொஞ்சம் சீரியஸ்.

ஏர் ஃப்ரையர் 1,200-ல இருந்து 1,700 வாட்ஸ் வரைக்கும் வருது. 1,500 வாட்ஸ்னா, 230 வோல்ட்டுல வகுத்துப் பாருங்க, ஆறரை ஆம்பியர். நம்ம ரூம்ல போன் சார்ஜர் சொருகற சின்ன பாயின்ட் 6 ஆம்பியருக்குத்தான். ஏ.சி., கீஸர் சொருகற பெரிய ஓட்டை பாயின்ட்தான் 16 ஆம்பியர். மெஷினோட பிளக்கே குண்டா, பெரிய பாயின்ட்டுக்குப் பொருந்தற மாதிரி வருதுன்னா, கம்பெனிக்காரன் சொல்ல வர்றது அதைத்தான். ஆனா நாம யாரு? ஒரு கன்வர்ஷன் பிளக் வாங்கி, லேப்டாப், போன், டேபிள் ஃபேன் எல்லாம் தொங்கற எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்ல அதையும் சொருகுவோம். எங்க வீட்டுலயும் முதல் நாள் அந்த ஏற்பாடுதான் நடக்க இருந்துச்சு. ஈரோடுக்காரி ட்ரிபிள் ஈ. ஓடி வந்து பிளக்கைப் புடுங்கிட்டா. 'கரன்ட் ரெண்டு மடங்கானா வயர்ல சூடு நாலு மடங்காகும்டி, இந்த வயர் பூணூல் சைஸ்ல இருக்கு'ன்னு ஒரு கிளாஸ். அவ வைவாவுல கூட இவ்ளோ தெளிவா பேசினதில்லை. எங்க போர்ஷன்ல கிச்சன்ல ஒரே ஒரு 16 ஆம்பியர் பாயின்ட். அதுல ஒண்ணு இண்டக்‌ஷன் அடுப்பு, இல்லைன்னா ஏர் ஃப்ரையர். ரெண்டும் ஒண்ணா கிடையாது. இதுதான் எங்க வீட்டுச் சட்டம்.

ஹாஸ்டல்வாசிகளே, உங்க ஹாஸ்டல்ல இதுக்குத் தடை இருந்தா கட்டிலுக்கு அடியில ஒளிச்சு வெச்சு ஓட்டாதீங்க. வார்டனுக்காகச் சொல்லலை, வயருக்காகச் சொல்றேன். மெத்தைக்கும் பெட்ஷீட்டுக்கும் நடுவுல பின்பக்கம் அனல் கக்குற மெஷின் வேண்டாமே. உங்களுக்கு வேற வழி கீழே வருது.

கரன்ட் செலவு? கால் மணி நேரம் ஓடினா 1,500 வாட்ஸுக்கு அதிகபட்சம் 0.375 யூனிட். நடுநடுவுல தெர்மோஸ்டாட் கட் ஆகறதால அதைவிடக் கம்மிதான் வரும். ஹவுஸ் ஓனர் யூனிட்டுக்கு என்ன ரேட் போடறாரோ அதை வெச்சு நீங்களே பெருக்கிக்கோங்க. அந்த விஷயத்துல நான் வாயைத் திறந்தா அடுத்த வாரம் காலம் எழுத வீடு இருக்காது.

ரைட், சமையல்!

நேந்திரம் ரெண்டு. தோலை உரிச்சு, சாய்வா, அரை இன்ச் கனத்துல வெட்டுங்க. ரொம்ப மெல்லிசா வெட்டினா சிப்ஸ் மாதிரி காஞ்சு போகும். ரொம்ப தடிமனா இருந்தா உள்ளே வேகறதுக்குள்ள வெளியே கருகும். வெட்டின துண்டை டிஷ்யூ பேப்பர்ல ஒத்தி எடுங்க. இந்த ஒத்தடம்தான் பாதி வெற்றி, சோம்பேறித்தனம் பண்ணாதீங்க. அரை ஸ்பூன் நெய்யைக் கையில எடுத்து ரெண்டு பக்கமும் தடவுங்க. மெஷினை 190 டிகிரியில காலியா மூணு நிமிஷம் ஓட விட்டு சூடாக்கிக்கோங்க. துண்டுகளை ஒண்ணு மேல ஒண்ணு படாம, இடைவெளி விட்டு ஒரே வரிசையா அடுக்குங்க. பஸ்ல புட்போர்டு அடிக்கிற மாதிரி நெருக்கினா காத்து உள்ளே போகாது. காத்து போகலைன்னா தண்ணி வெளியே வராது. தண்ணி வரலைன்னா... திரும்ப முதல்ல இருந்து படிங்க.

அஞ்சு நிமிஷம் கழிச்சுத் திறந்து திருப்பிப் போடுங்க. இந்த இடத்துலதான் சர்க்கரை. ஆரம்பத்துலயே போடக் கூடாதான்னு கேட்பீங்க. போட்டா சர்க்கரை பழத்துக்குள்ள இருக்கிற சாறை வெளியே இழுக்கும். ஊறுகாய்க்கு உப்பு போட்டா தண்ணி விடுதே, அதே கதை. அந்தச் சாறுல கரைஞ்சு, பாகாகி, கூடை ஓட்டை வழியா கீழே சொட்டி, ட்ரேயில கருகிப் புகையும். பழத்துல ஒண்ணும் இருக்காது. ஸோ, மேல்பக்கம் கொஞ்சம் காஞ்ச அப்புறம், ஒரு ஸ்பூன் நாட்டுச் சர்க்கரையை விரலால எடுத்து நெய்ப் பக்கத்துல அழுத்தித் தேய்ங்க. சும்மா தூவினா ஃபேன் அடிக்கிற காத்துல பாதி பறந்துடும். நாட்டுச் சர்க்கரை, வெல்லத்தூள் எல்லாம் வெள்ளைச் சர்க்கரையைவிடச் சீக்கிரம் நிறம் மாறும், அதே வேகத்துல கருகும். மறுபடியும் மூணுல இருந்து நாலு நிமிஷம். மூணாவது நிமிஷத்துல திறந்து எட்டிப் பாருங்க. ஓரத்துல நுரை நுரையா பொங்கி, தேன் கலர் வந்தா எடுத்துடலாம். ஒவ்வொரு மெஷினும் ஒவ்வொரு டைப்பு. ஒண்ணு சொன்ன சூட்டைவிட எகிறும், ஒண்ணு தூங்கும். அதனால என் நிமிஷக் கணக்கைவிட உங்க கண்ணையும் மூக்கையும் நம்புங்க.

எடுத்த உடனே வாயில போடாதீங்க, ப்ளீஸ். கொதிக்கிற தண்ணி கையில பட்டா வழிஞ்சு ஓடிடும். உருகின சர்க்கரை அதைவிட ஏகத்துக்குச் சூடு, அதோட ஒட்டிக்கும். உதறினாலும் போகாது. இடுக்கி, இல்லைன்னா ஸ்பூன் வெச்சு எடுத்துத் தட்டுல பரப்புங்க. ரெண்டு நிமிஷம் ஆறினா அந்தப் படலமே இறுகி, கடிச்சா லேசா 'மொறுக்'னு சத்தம் கேட்கும். அந்தச் சத்தத்துக்காகத்தான் இவ்வளவு பாடும். கொஞ்சம் ஏலக்காய்ப் பொடி தூவலாம். ஒரு கல்லு உப்பு வெச்சுப் பாருங்க, இனிப்பு இன்னும் தூக்கும்.

அன்னாசிக்கு ஃபார்முலா கொஞ்சம் வேற. அரை இன்ச்சுக்குக் கொஞ்சம் கம்மியா வட்ட வட்டமா வெட்டி, ஒரு தடவை இல்ல, ரெண்டு தடவை டிஷ்யூவுல ஒத்துங்க. 200 டிகிரி. பன்னிரண்டு நிமிஷம் வரைக்கும் ஆகும். நடுவுல ஒரு தடவை திருப்பணும், கடைசி நாலு நிமிஷத்துக்கு சர்க்கரை. இதுல ஒரு போனஸ் இருக்கு. பச்சை அன்னாசி ரெண்டு துண்டுக்கு மேல தின்னா நாக்கு அரிக்குமே, அது புரோமெலைன்ங்கிற என்சைம் பண்ற வேலை. புரதத்தை வெட்டற என்சைம். நம்ம நாக்கும் புரதம்தானே, அதையும் வெட்டப் பார்க்கும். சூடு பட்டா அது செயலிழந்துடும். அதனால வெந்த அன்னாசியை எத்தனை துண்டு வேணாலும் உள்ளே தள்ளலாம், நாக்கு கம்ப்ளைன்ட் பண்ணாது. தள்ளுவண்டிக்காரர் ஸ்டைல்ல மிளகாய்ப்பொடியும் உப்பும் கடைசியா தூவுங்க. உப்பை மட்டும் முன்னாடியே போட்டுடாதீங்க, திரும்பவும் தண்ணி விடும்.

இப்போ ஒரு நேர்மையான தீர்ப்பு. வாழைப்பழத்துக்கு ஏர் ஃப்ரையர் தேவையே இல்லை. தோசைக்கல்லு போதும். கல்லு மேல பழம் நேரா ஒட்டி உக்காருது, சூடு நேரா ஏறுது, அரை ஸ்பூன் நெய்யில நாலே நிமிஷத்துல அதே கலர். சொல்லப் போனா ருசி ஒரு படி மேல. மேல சொன்னேனே ஹாஸ்டல் மக்களுக்கு வேற வழின்னு, அது இதுதான். லீவுக்கு வீட்டுக்குப் போனதும் அம்மாவோட தோசைக்கல்லு. இதுக்காக ஆன்லைன் சேல்ல நாலஞ்சாயிரம் தண்டம் அழ வேண்டாம். ஆனா அன்னாசியில ஏர் ஃப்ரையர் ஜெயிக்குது. கல்லுல போட்டா சாறு வெளியே வந்து குளம் கட்டி நிக்கும். பழம் அதுல மிதந்துக்கிட்டு வேகுமே தவிர முறுகாது. இங்கே சாறு ஓட்டை வழியா கீழே போயிடும், மிச்சத்தைக் காத்து பார்த்துக்கும். நாங்க ரெண்டையும் பக்கத்துப் பக்கத்துல வெச்சுச் சாப்பிட்டுப் பார்த்துட்டோம். மூணுக்கு ஒண்ணு ஓட்டு. அந்த ஒண்ணு மதுரை. அவ எதுக்கும் எதிர்க்கட்சிதான்.

கடைசியா ஒரு விஷயம் இருக்கு. இதை எழுதலாமா வேண்டாமான்னு நாகர்கோவில்காரிகிட்டயே கேட்டேன். 'எழுதுடி, நாலு பேருக்குத் தெரியட்டும்'னா.

அவங்க அப்பாவுக்கு சுகர். ரொம்ப வருஷமா மாத்திரை. மனுஷனுக்கு உயிரே பழம்பொரிதான். டாக்டர் தடை போட்ட நாள்ல இருந்து டீக்கடைப் பக்கம் போறதையே விட்டுட்டாராம். இங்கே மொறுமொறுன்னு பழம் வந்த அன்னைக்கு இவளுக்கு அப்படி ஒரு சந்தோஷம். 'எண்ணெய் இல்ல, மைதா இல்ல. அப்பாவுக்கு தாராளமா கொடுக்கலாம்ல? டப்பா மேலயே ஹெல்தின்னு போட்டிருக்கான்!' மெஷினையே அடுத்த லீவுக்கு ஊருக்குத் தூக்கிட்டுப் போறதா ப்ளான்.

நாங்க உக்காந்து கணக்குப் போட்டோம். சாதாரண வாழைப்பழம் 100 கிராம்னா அதுல சர்க்கரை சுமார் 12 கிராம். அனல் காத்துல 25 கிராம் தண்ணி போயிடுச்சுன்னு வைங்க. மிச்சம் 75 கிராம் பழம். சர்க்கரை? அதே 12 கிராம். காத்து தண்ணியைத்தான் எடுத்துட்டுப் போச்சு, சர்க்கரையை இல்ல. அதாவது பச்சையா சாப்பிட்டா 100 கிராமுக்கு 12. இப்போ அதே எடைக்கு 16. மேல நாம தேய்ச்ச ஒரு ஸ்பூன், அது ஒரு நாலு கிராம். அதுவும் சுருங்கின பழம்ங்கிறதால ரெண்டு துண்டுல நிறுத்த மாட்டோம், ஆறு துண்டு உள்ளே போகும். நேந்திரத்துல சர்க்கரை இன்னும் ஜாஸ்தியே தவிரக் கம்மி இல்ல. அதைவிடக் கொடுமை, எது நல்லா கேரமல் ஆகுதோ, அந்தக் கறுத்த பழம்தான் மாவுச்சத்து பூராவும் சர்க்கரையா மாறின பழம். ருசிக்கு ஃபர்ஸ்ட் ரேங்க், சுகர்காரங்களுக்கு லாஸ்ட் ரேங்க்.

பழம்பொரியோட ஒப்பிட்டா இது லேசானதுதான், சந்தேகமே இல்ல. மைதா மாவும் அது குடிச்ச எண்ணெயும் மிச்சம். ஆனா சும்மா ஒரு பழத்தோட ஒப்பிட்டா இது ஸ்வீட். டப்பா மேல எழுதியிருக்கிற 'ஹெல்தி' எண்ணெயைப் பத்திப் பேசுது, சர்க்கரையைப் பத்தி ஒரு வார்த்தை பேசலை. உங்க வீட்டுலயும் அப்பாவுக்கோ பாட்டிக்கோ சுகர் இருந்து, பாசத்துல இந்த மெஷினை வாங்கிக் கொடுக்கற ஐடியா இருந்தா இதை மனசுல வெச்சுக்கோங்க. எவ்வளவு சாப்பிடலாம்ங்கிறதை அவங்க டாக்டர்தான் சொல்லணும், நானும் டப்பாவும் இல்ல.

கணக்கு முடிஞ்சதும் அவ ஒண்ணும் பேசலை. கொஞ்ச நேரம் நோட்டையே பார்த்துக்கிட்டு இருந்தா. அப்புறம் ஊருக்கு மெஷினை எடுத்துட்டுத்தான் போனா. ஆனா அப்பாவுக்குப் பண்ணினது கொண்டைக்கடலை. ராத்திரி பூரா ஊறவெச்சு, வேகவெச்சு, தண்ணியை ஒத்தி எடுத்துட்டு, உப்பு, மிளகுத்தூளோட கால் மணி நேரம். மொறுமொறுன்னு வந்துச்சாம். பழத்துக்கு, டாக்டர்கிட்ட போன்ல கேட்டு, சர்க்கரை தேய்க்காம, கறுக்காத பழத்துல சின்னதா ஒரே ஒரு துண்டு. அதை அவர் பத்து நிமிஷம் வெச்சு வெச்சுச் சாப்பிட்டாராம்.

ஆங், கூடையைக் கழுவறதைச் சொல்லாம விட்டா அப்புறம் என்னைத் திட்டுவீங்க. கருகின சர்க்கரை ட்ரேயில சிமென்ட் மாதிரி ஒட்டியிருக்கும். கத்தி, கம்பி நார் எதுவும் எடுக்காதீங்க, நான்-ஸ்டிக் பூச்சு போயிடும். பிளக்கைப் புடுங்கிட்டு, மெஷின்ல இருந்து ட்ரேயை மட்டும் தனியா உருவி, ஆறினதும் அதுல சுடுதண்ணி ஊத்தி அரை மணி நேரம் விட்டுடுங்க. சர்க்கரைதானே, தானா கரைஞ்சு வந்துடும். பட்டர் பேப்பர் விரிக்கிறவங்க, அது மேல பழத்தை வெச்ச அப்புறம்தான் மெஷினை ஆன் பண்ணணும். காலிப் பேப்பரோட ஓட விட்டா ஃபேன் அதைத் தூக்கி மேலே இருக்கிற காயில்ல ஒட்டிடும், அப்புறம் தீதான். மெஷின் வெச்சிருக்கிற மேடையையும் மறக்காம ஈரத் துணியால துடைச்சிடுங்க. எங்க வீட்டுல ஒரு நாள் துடைக்காம தூங்கிட்டாங்க. காலையில பார்த்தா பக்கத்துப் போர்ஷன்ல இருந்து எங்க கிச்சன் வரைக்கும் எறும்பு ஒரு நாலு வழிச் சாலையே போட்டிருந்துச்சு, டோல்கேட் மட்டும்தான் பாக்கி.